சேராத சக்கரத்தைச் சேர்ப்பது: சைக்கிள் ஆக்சிலுக்கு லேத்தில் அடாப்டர் கடைதல்

நமது அறக்கட்டளையின் சைக்கிள் பட்டறைக்கு வந்து சேரும் சைக்கிள்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்தது. படிப்பு முடிந்த பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ கைமாறி, கடைசியில் நம்மிடம் வருவது. மற்றொன்று, வளைகுடாவிலிருந்து திரும்பும் சகோதரர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பிய கியர் சைக்கிள். பிள்ளை வளர்ந்துவிடுவான், சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் தூசி படிந்து நிற்கும். பெருநாளுக்கு வீடு சுத்தம் செய்யும்போது அதை நம்மிடம் தந்துவிடுவார்கள்.

இரண்டுமே நல்ல இரும்பு, நல்ல அலுமினியம்தான். ஆனால் முதல் வகையில் ஃபோர்க் வளைந்திருக்கும், சக்கரம் நன்றாக இருக்கும். இரண்டாம் வகையில் ஃபோர்க் புதிது போல் இருக்கும், ரிம் முட்டையாகிவிட்டிருக்கும். அதன் சக்கரத்தை இதில் மாட்டலாமே என்று யாருக்கும் தோன்றும். மாட்டிப் பார்த்தால் சேராது. ஆக்சில் மெலிந்திருக்கும், அல்லது தடித்திருக்கும். அகலம் கூடும், அல்லது குறையும்.

அந்த நேரத்தில் தெருமுனைக் கடைகளில் நடப்பது நமக்குத் தெரியும். மெலிந்த ஆக்சில் என்றால் நட்டை இறுக்கி விட்டுவிடுவார்கள். தடித்த ஆக்சில் என்றால் அரத்தை எடுத்து ஃபோர்க்கின் வாயை ராவி அகலப்படுத்துவார்கள். அகலம் போதவில்லை என்றால் கிடைத்த வாஷரையெல்லாம் ஒரே பக்கம் கோத்துவிடுவார்கள். இவற்றில் அரம் போடுவதுதான் மிக மோசம். ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த ஃபோர்க் அதற்குரிய சக்கரத்துக்கும் உதவாமல் போய்விடும். சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையில் ஒரு சிறு துண்டைக் கடைந்து வைத்தால் இரண்டும் பிழைக்கும். அதற்கு ஆகும் உலோகத்தின் விலை ஒரு டீயும் இரண்டு வடையும் போல. ஆகும் நேரம் ஒரு மணிக்கும் குறைவு.

ஐ.டி.ஐ.யில் டர்னர், ஃபிட்டர் படித்துவிட்டு மஹல்லாவில் வேலை தேடிக்கொண்டிருக்கும் தம்பிமார்களை மனத்தில் வைத்து இந்தப் பாடத்தை எழுதுகிறோம். பெற்றோரும் படிக்கட்டும். தன் பிள்ளையின் சைக்கிளில் என்ன மாட்டப்பட்டிருக்கிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

ஏன் இத்தனை அளவுகள்?

நம் ஊரின் கறுப்பு சைக்கிள் பிரிட்டிஷ் அளவில் பிறந்தது. அதன் முன் ஆக்சில் 5/16 அங்குலம், பின் ஆக்சில் 3/8 அங்குலம். மரை ஓர் அங்குலத்துக்கு 26. வெர்னியரில் பிடித்தால் முன்னது 7.9 மி.மீ. சொச்சம், பின்னது 9.5 மி.மீ. சொச்சம் காட்டும். வெள்ளைக்காரன் போய் இத்தனை ஆண்டுகள் ஆகியும் அவன் போட்ட மரை நம் கேரியர் சைக்கிளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

கியர் சைக்கிளின் கதை வேறு. இத்தாலிய வீரர் துல்லியோ காம்பக்னோலோ 1920களின் இறுதியில் ஒரு மலைப் பந்தயத்தில் பனியில் விரல் விறைத்து, சக்கரத்தின் நட்டைக் கழற்ற முடியாமல் தவித்தார் என்றும், அதிலிருந்தே ஒரு நெம்புகோலைத் திருப்பினால் சக்கரம் கழன்றுவரும் குவிக் ரிலீஸ் பிறந்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவர் 1933இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியே அந்த முறை உலகெங்கும் பரவியது. அதில் ஆக்சில் உள்ளே துளையுள்ளது. 5 மி.மீ. கம்பி ஒன்று அதற்குள் ஓடும். ஃபோர்க்கின் வாயில் உட்காரும் ஆக்சில் முனை முன்னால் 9 மி.மீ., பின்னால் 10 மி.மீ. முன் அகலம் 100 மி.மீ.; பின் அகலம் சாலை சைக்கிளுக்கு 130, மலை சைக்கிளுக்கு 135.

பிறகு டிஸ்க் பிரேக் வந்தது. திறந்த வாயில் மெல்லிய ஆக்சில் போதாது என்று, மூடிய துளையில் தடித்த தண்டை நுழைத்து மரையில் திருகும் த்ரூ ஆக்சிலைக் கொண்டுவந்தார்கள். முன்னால் 15 மி.மீ. தண்டும் 100 மி.மீ. அகலமும் 2008ஆம் ஆண்டு வாக்கில் வந்தன. பின்னால் 12 மி.மீ. தண்டு, 142 மி.மீ. அகலம். 2014 வாக்கில் பூஸ்ட் என்ற பெயரில் முன் அகலம் 110, பின் அகலம் 148 ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். சக்கரம் உறுதியாகும் என்பதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் பழைய சக்கரம் வைத்திருப்பவன் கதி என்ன என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த எண்கள் ஏமாற்றவும் செய்யும். 135க்கும் 142க்கும் ஏழு மி.மீ. வித்தியாசம் என்று பயப்பட வேண்டாம். 142 ஃப்ரேமில் சக்கரத்தின் முனை உட்கார இருபுறமும் 3.5 மி.மீ. பள்ளம் இருக்கிறது, அதைக் கழித்தால் 135தான். மறுபக்கம், பழைய 20 மி.மீ. தண்டுச் சக்கரத்தின் அகலமும் 110, பூஸ்ட் சக்கரத்தின் அகலமும் 110. ஆனால் டிஸ்க் நிற்கும் இடம் இரண்டிலும் வேறு. எண் ஒன்றாக இருக்கிறது என்று புஷ் போட்டு மாட்டினால் பிரேக்கில் டிஸ்க் உரசும்.

முதலில் அளவு

லேத்தின் ஸ்விட்சைத் தொடும் முன் நான்கு அளவுகள் நோட்டில் இருக்க வேண்டும். ஆக்சிலின் தடிமன். சக்கரத்தின் அகலம், அதாவது ஒரு பக்க லாக் நட்டின் வெளி முகத்திலிருந்து மறுபக்க லாக் நட்டின் வெளி முகம் வரை. ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே உள்முகத்திலிருந்து உள்முகம் வரையுள்ள இடைவெளி. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: ஆக்சில் உட்காரும் வாய்த் தகட்டின் கனம்.

அது ஏன் முக்கியம்? நட்டோ குவிக் ரிலீஸோ அமுக்க வேண்டியது தகட்டை. நாம் கடைந்து வைக்கும் புஷ் தகட்டைவிட நீளமாக இருந்து வெளியே அரை மி.மீ. துருத்திக்கொண்டிருந்தாலும், நட்டு அந்தப் புஷ்ஷில் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும். உள்ளே சக்கரம் தகட்டோடு பிடிபடாமல் நிற்கும். முதல் குழியில் தெரியாது, பத்தாவது குழியில் தெரியும். ஆகவே தகடு 4.5 மி.மீ. என்றால் அதற்குள் நிற்கும் புஷ்ஷின் நீளம் 4 மி.மீ. இந்த விதிக்கு விலக்கு கிடையாது.

மரையையும் அளக்க வேண்டும். அங்குலத்துக்கு 26 மரை என்றால் ஒரு மரையின் அளவு 0.977 மி.மீ. மெட்ரிக் ஆக்சிலில் அது 1 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 8 மி.மீ. மெட்ரிக் நட்டை 5/16 ஆக்சிலில் போட்டால் சில சுற்று ஏறும், பிறகு இறுகும். 'கொஞ்சம் துரு, எண்ணெய் விட்டுத் திருகு' என்பார்கள். துரு இல்லை, மரை அழிகிறது. 12 மி.மீ. த்ரூ ஆக்சிலில் இன்னும் குழப்பம்: ஒரே தடிமனில் 1.0, 1.5, 1.75 என்று மூன்று மரைகள் புழக்கத்தில் இருக்கின்றன. மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கையால் தடையின்றி ஏறாத தண்டை ஸ்பேனர் போட்டு ஏற்றினால், ஃப்ரேமையே குப்பைக்கு அனுப்ப நேரிடும்.

முதல் வேலை: மெலிந்த ஆக்சிலுக்கு ஒரு புஷ்

நமக்கு அடிக்கடி வருவது இதுதான். கறுப்பு சைக்கிளின் முன் சக்கரத்தை 9 மி.மீ. வாயுள்ள ஃபோர்க்கில் மாட்ட வேண்டும். கணக்குக்காகச் சக்கர அகலம் 94, ஃபோர்க் இடைவெளி 100, தகடு 4.5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

ஆக்சில் 7.94, வாய் 9. வித்தியாசம் ஒரு மி.மீ.க்குச் சற்று மேல். புஷ்ஷின் சுவர் அரை மி.மீ. கனம்தான் வரும். இவ்வளவு மெல்லிசா என்று அஞ்ச வேண்டியதில்லை. பாரம் அதை அமுக்கத்தான் செய்கிறது, வளைக்கவில்லை. எஃகு அதைத் தாங்கும். அலுமினியம் வேண்டாம்.

அகலத்தில் 6 மி.மீ. குறைகிறது. அதை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு புஷ்ஷிலும் 3 மி.மீ. கனத்தில் ஒரு காலர் விட வேண்டும். ஆறையும் ஒரே பக்கம் வைத்தால் என்ன? ரிம் நடுவிலிருந்து 3 மி.மீ. விலகும். ஒரு பக்கம் சேர்க்கும் கனத்தில் பாதியளவு நடு நகரும். பிள்ளைகள் காகிதத்தில் வரைந்து பார்த்தால் உடனே விளங்கிவிடும். 3 மி.மீ. விலகினால் பிரேக் ரப்பர் ஒரு பக்கம் எப்போதும் தேய்ந்துகொண்டிருக்கும், கையை விட்டால் சைக்கிள் ஒரு பக்கம் இழுக்கும்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஆக்சில் இப்போது 100 மி.மீ. அகலத்தைக் கடந்து, இரு தகடுகளைக் கடந்து, இரு வாஷர்களைக் கடந்து, பிறகும் நட்டுக்கு முழு மரை தர வேண்டும். 100, தகடுகளுக்கு 9, வாஷர்களுக்கு 3, நட்டுகளுக்கு 16, ஆக 128. ஆக்சில் 120தான் என்றால் நட்டு பாதி மரையில்தான் நிற்கும். அப்போது நீளமான ஆக்சில் வாங்கிப் போட்ட பிறகுதான் புஷ் வேலை. நட்டின் வெளியே ஒரு மரையாவது தெரிய வேண்டும்.

இனி லேத். 16 மி.மீ. எஃகுக் கம்பியை மூன்று தாடைச் சக்கில், 20 மி.மீ. வெளியே நீட்டிப் பிடியுங்கள். முகத்தைச் சீவுங்கள். சென்டர் டிரில் போட்டு, 7.8 மி.மீ. துளையிட்டு, 8 மி.மீ. ரீமரால் முடியுங்கள். துளை முடிந்த பிறகுதான் வெளிப்புறத்தைக் கடைய வேண்டும். சுவரை மெல்லிசாகக் கடைந்த பிறகு டிரில் விட்டால் அது விரிந்துவிடும், அல்லது சுருண்டுவிடும். வெளிப்புறம் 8.95 மி.மீ., நீளம் 4 மி.மீ. கடைசி வெட்டு 0.1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். அதன் பின்னால் 3 மி.மீ. காலர் விட்டுப் பார்ட்டிங் டூலால் அறுத்தெடுங்கள். துளையும் வெளிப்புறமும் ஒரே பிடியில் முடிவதால் இரண்டும் ஒரே மையத்தில் நிற்கும். இடையில் கழற்றி மாட்டினால் அந்த நம்பிக்கை போய்விடும்.

அறுத்த முகத்தில் பிசிறு இருக்கும். அதைச் சீவ, மெல்லிய சுவரைச் சக்கில் பிடிக்காதீர்கள், நசுங்கும். கண்ணாடித் தகட்டின் மேல் எமரி தாள் விரித்து, துளி எண்ணெய் விட்டு, வட்டமாகத் தேய்த்தால் போதும். இரண்டு காலர்களையும் மைக்ரோமீட்டரில் பிடித்துப் பாருங்கள், ஒன்றுக்கொன்று 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபடாமல் இருப்பது நல்லது. ஆக்சிலில் ஏற்றும்போது விரலால் தள்ளினால் ஏற வேண்டும், உதறினால் விழக்கூடாது.

இரண்டாம் வேலை: 15 மி.மீ. துளையுள்ள சக்கரம், 9 மி.மீ. வாயுள்ள ஃபோர்க்

இது கொஞ்சம் நிதானம் கேட்கும் வேலை. சக்கரமும் 100, ஃபோர்க்கும் 100 என்பதால் அகலத்தில் தொல்லை இல்லை. சக்கரத்தின் 15 மி.மீ. துளைக்குள் முழுநீளமாக ஓடும் ஒரு குழலைக் கடைய வேண்டும். அதன் இரு முனையும் 9 மி.மீ. வாயில் உட்காரும் அளவுக்கு மெலிய வேண்டும். உள்ளே 5 மி.மீ. குவிக் ரிலீஸ் கம்பி போக வழி வேண்டும். இரண்டு துண்டாகவும் செய்வார்கள். ஒரே குழலாகச் செய்வதுதான் எங்களுக்குப் பிடித்தது. சக்கரத்தைக் கழற்றும்போது துண்டு எங்காவது உருண்டு ஓடும் கவலை இல்லை.

ஆலையிலிருந்து வரும் குவிக் ரிலீஸ் முன் ஆக்சிலின் மொத்த நீளம் 108 மி.மீ. அதாவது 100 அகலமும், இரு பக்கமும் 4 மி.மீ. முனையும். அந்தக் கணக்கையே நாமும் எடுத்துக்கொள்கிறோம். நடு உடலின் நீளத்தை 100 என்று வைக்கக் கூடாது, 99.8. ஏனென்றால் ஃபோர்க்கின் கால்கள் சக்கரத்தின் முகத்தை அமுக்க வேண்டும், நம் குழலை அல்ல. குழல் அரை மி.மீ. நீண்டிருந்தால் எல்லா அழுத்தமும் குழல் மேல் விழுந்து, சக்கரம் அதன் மேல் இடமும் வலமும் ஆடிக்கொண்டிருக்கும். முனை ஒவ்வொன்றும் 4.1. ஆக 99.8, 4.1, 4.1, கூட்டினால் 108. சக்கரம் சரியாக 100 இல்லை, 99.9 என்றால் உடலையும் அதற்கேற்பக் குறையுங்கள். கையில் இருக்கும் சக்கரத்தின் அளவுதான் கணக்கு, புத்தகத்தில் இருக்கும் அளவு அல்ல.

இதற்கு இ.என்.8 எஃகு, அல்லது 7075 அலுமினியம். பாத்திரக் கடை அலுமினியக் கம்பி உதவாது. முனையின் சுவர் இரண்டு மி.மீ.க்கும் குறைவு, அதன் மேல் ஒரு பிள்ளை உட்காரப் போகிறது.

16 மி.மீ. கம்பியை 108க்கு முகம் சீவி, இரு முனையிலும் சென்டர் போட்டு, 5.5 மி.மீ. டிரிலை இரு பக்கத்திலிருந்தும் விட்டுச் சந்திக்க விடுங்கள். நீளத் துளையில் டிரில் சற்று விலகும். கம்பி 5 மி.மீ. என்பதால் நடுவில் சிறு விலகல் இருந்தாலும் பாதகமில்லை. அடிக்கடி டிரிலை வெளியே இழுத்துச் சீவலை அகற்றுங்கள். பிறகு ஒரு முனையைச் சக்கில் பிடித்து, மறுமுனைக்கு டெயில் ஸ்டாக் சென்டர் கொடுத்து வெளிப்புறம் கடையுங்கள். சென்டர் கொடுக்காமல் கடைந்தால் தூரத்து முனை டூலுக்கு விலகிக்கொடுத்துத் தடித்து நிற்கும். துளைக்குள் பாதி போய்ச் சிக்கிக்கொள்ளும். உடல் 14.95, முனை 8.9. உடலும் முனையும் சேரும் படியில் கத்தி போன்ற மூலை விடாதீர்கள். டூல் நுனியின் சிறு வளைவை அப்படியே விட்டுவிடுங்கள். விரிசல் எப்போதும் கூரிய மூலையில்தான் பிறக்கிறது. கடைசியில் மெல்லக் கிரீஸ் தடவிக் கையால் நுழைக்க வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் 0.02 எடுக்க வேண்டும் என்று பொருள்.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 130 அகலப் பின் சக்கரத்தை 135 ஃப்ரேமில் மாட்ட இரு பக்கமும் 2.5 மி.மீ. வளையம், 5 மி.மீ. நீண்ட ஆக்சில், வேறு ஒன்றுமில்லை. 100 சக்கரத்தை 110 பூஸ்ட் ஃபோர்க்கில் மாட்ட இரு பக்கமும் 5 மி.மீ.; ஆனால் டிஸ்க்கையும் 5 மி.மீ. வெளியே தள்ள வேண்டும், அதன் ஆறு போல்ட்டும் அந்த அளவு நீளமாக வேண்டும். 142 சக்கரம் 148 ஃப்ரேமுக்கு இரு பக்கமும் 3 மி.மீ., டிஸ்க்குக்கும் 3. கியர் டிரெய்லரைப் புதிதாக ஒழுங்கு செய்ய வேண்டியிருக்கும். 142 சக்கரத்தை 135 வாய்க்குக் கொண்டுவர, அந்தச் சக்கரத்தின் முனை மூடிகள் கழன்றுவர வேண்டும். கழன்றால் 3.5 மி.மீ. குட்டையான மூடி, 10 மி.மீ. முனையோடு. கழலாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எதைச் செய்வதில்லை

15 மி.மீ. த்ரூ ஆக்சில் ஃபோர்க்கில் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் சக்கரத்தை மாட்டித் தரச் சொல்லி வருவார்கள். மேலே சொன்னதன் மறுதலைதானே என்று தோன்றும். இல்லை. பெரிய துளைக்குள் சிறியதை வைக்கலாம். சிறிய துளைக்குள் பெரிய தண்டை எப்படி நுழைப்பது? ஃபோர்க்கின் இரு கால்களையும் பூட்டி நிற்பது அந்த 15 மி.மீ. தண்டுதான். அதை எடுத்துவிட்டுப் புஷ்ஷும் 5 மி.மீ. கம்பியும் வைத்தால் ஃபோர்க் எதற்காகக் கட்டப்பட்டதோ அதையே கழற்றிவிட்டதாகும். இதற்கு நாங்கள் மறுத்துவிடுவோம், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும்.

முன் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில், திறந்த வாய் ஃபோர்க்கில், அடாப்டர் வைத்த சக்கரத்தையும் நாங்கள் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. காரணம் இது. சக்கரம் முன்னே உருளும்போது அச்சுக்குப் பின்புறமுள்ள டிஸ்க்கின் பகுதி மேல்நோக்கி ஏறுகிறது. பிரேக் பட்டை இருப்பதும் ஃபோர்க்கின் பின்புறத்தில்தான். அது ஏறும் டிஸ்க்கைப் பிடிக்கும்போது சக்கரத்தைக் கீழே தள்ளுகிறது. ஃபோர்க்கின் வாய் திறந்திருப்பதும் கீழ்ப்பக்கம். ஆக, பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரம் வெளியே போகப் பார்க்கிறது. அதைத் தடுப்பது குவிக் ரிலீஸின் பிடியும் வாய் ஓரத்தின் சிறு உதடும் மட்டுமே. ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே மேலே சொன்ன இரண்டாம் வேலை, ரிம் பிரேக் ஃபோர்க்குக்கு மட்டும்.

இது மிகையான பயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரே நிறுவனத்தின் சுமார் பத்து லட்சம் சைக்கிள்கள் சரிபார்ப்புக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. முன் சக்கரத்தின் குவிக் ரிலீஸ் நெம்புகோல் அளவுக்கு மேல் திறந்து டிஸ்க்கில் மாட்டிக்கொள்ளக் கூடியதாக இருந்தது. ஒருவர் கைகால் செயலிழந்து போனார். அது பெரிய ஆலையில், பொறியாளர்கள் பலர் பார்த்துச் செய்த பொருள்.

பட்டறையில்

லேத்தில் கையுறை போடக் கூடாது. கையைக் காக்கத்தானே கையுறை என்பார்கள். சுழலும் சக்கில் துணி சிக்கினால் கையோடு இழுத்துப் போகும். ஜிப்பாவின் கை, தோளில் போட்ட துண்டு, துப்பட்டா எல்லாம் அப்படித்தான். வேலைக்கு வரும் பெண் பிள்ளைகள் தலைத்துணியை உள்ளே செருகி, மேலே ஓவர்கோட்டுப் பொத்தானை மூடிக்கொண்டு நிற்கட்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போடுவது ஆளைக் கொல்லும். சாவி கையில் இருக்கிறது, இல்லையேல் பலகையில் இருக்கிறது என்ற பழக்கம் வேண்டும். சீவலைக் கையால் தொடாமல் கொக்கியால் எடுங்கள். கண்ணாடி எப்போதும்.

கடைந்து முடித்ததும் வேலை முடியவில்லை. சக்கரத்தை மாட்டி, முன்புறத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் மேல் உள்ளங்கையால் பலமாகத் தட்டுங்கள். அசைவு தெரியக் கூடாது. ரிம்மைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். குவிக் ரிலீஸ் நெம்புகோலை மூடும்போது உள்ளங்கையில் தடம் பதியும் அளவு அழுத்தம் வேண்டும். சுண்டுவிரலால் மூடினால் அது மூடியதே அல்ல. பிறகு பெரியவர் ஒருவர், பிள்ளையைவிடக் கனமானவர், தெருவில் இரண்டு முறை ஓட்டிப் பிரேக் பிடித்துப் பார்க்கட்டும். திரும்பி வந்ததும் நட்டை மறுபடி இறுக்குங்கள். புதிய உலோக முகங்கள் ஒன்றோடொன்று படிந்து சற்று தளரும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். சக்கர அளவு, ஃபோர்க் அளவு, உலோகம், கடைந்தவர் பெயர், தேதி. புஷ்ஷின் காலரில் ஓர் எண்ணையும் பொறித்துவிடுகிறோம். அந்தச் சைக்கிள் நாளை வேறொரு வீட்டுக்குப் போனாலும் அதில் இருப்பது என்ன என்று கேட்டறிய ஒரு வழி இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை ஏற்றிச் செல்லும் பொருள் நம் கையில் இருக்கும்வரை அமானிதம்தான்; கைமாறிய பிறகும் அந்தப் பொறுப்பு முழுதாக விட்டுப்போவதில்லை.

கூலி பற்றியும் கேட்கிறார்கள். மாணவர்களின் சைக்கிளுக்குக் கூலி இல்லை, உலோகத்தின் விலை கூட வாங்குவதில்லை. ஆனால் கடைந்து கொடுக்கும் தம்பிக்கு அறக்கட்டளை அன்றன்றே கூலி கொடுத்துவிடுகிறது. இலவசமாகச் செய் என்று கைத்தொழில்காரனிடம் கேட்பது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. தர்மம் செய்வது நாம் என்றால் செலவும் நம்முடையதாக இருக்கட்டும், அவனுடைய உழைப்பாக வேண்டாம்.

பட்டறை ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை திறந்திருக்கும். வருபவர்கள் சக்கரத்தை மட்டும் கொண்டுவந்தால் அளவு எடுக்க முடியாது. ஃபோர்க்கோடு முழுச் சைக்கிளையும், சேராத சக்கரத்தையும், அதிலிருந்து கழன்ற நட்டு, வாஷர், கம்பி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். துருப்பிடித்தது என்று எதையும் எறிந்துவிட வேண்டாம். பழைய நட்டிலிருந்துதான் மரையின் அளவு தெரியும்.